ஜேம்ஸ் ஸ்டீவர்ட்டின் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

பழைய ஹாலிவுட்டின் கதாநாயகர்களுள் ஜேம்ஸ் ஸ்டீவர்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, உயரமான, ஒல்லியான, சொற்களை இழுத்து இழுத்துப் பேசுகிற, மாசற்ற மனம் கொண்ட ஒரு நல்ல மனிதரின் உருவம்தான். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்களின் மனத்தில் இந்த உருவமே நிலைத்துவிடுகிறது. அது பொய்யன்று, ஆனால் அது பாதிதான். அந்த நல்ல மனிதருக்குள் அடங்கிக் கிடந்த பதற்றமும் சினமும் வெறியும் படிப்படியாக வெளியே வந்ததுதான் அவருடைய திரைவாழ்வின் உண்மையான கதை என்று நான் நினைக்கிறேன். அதைக் கண்டுகொள்ள, எண்பது அளவில் அவர் நடித்த படங்கள் எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பத்துப் படங்களைச் சரியான வரிசையில், வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் போதும்.

பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சியைச் சற்றுச் சரிசெய்துகொள்ள வேண்டும். 1953க்கு முன் வந்த ஹாலிவுட் படங்கள் ஏறத்தாழ 4:3 என்ற விகிதத்தில், சதுரத்துக்கு நெருக்கமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையில் அவற்றைப் போடும்போது இரு புறமும் கறுப்புப் பட்டைகள் தெரிவதுதான் முறை. திரை நிரம்பட்டும் என்று படத்தை இழுத்துவிட்டால், 6 அடி 3 அங்குல உயரமுள்ள அந்த ஒல்லி மனிதர் தடித்துக் குறுகித் தெரிவார், காட்சிக்குள் யார் எங்கே நிற்க வேண்டும் என்று இயக்குநர் அளந்து வைத்த கணக்கும் குலைந்துபோகும். அசைவுகளை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் நிறமேற்றிய பிரதிகள் சிலவும் கிடைக்கின்றன. ஸ்டீவர்ட்டே இந்த நிறமேற்றலை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. ஆங்கிலம் நன்றாக அறிந்தவர்களும் வசன வரிகளைப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, பின்னே போய், வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டு முன்னே வருவது அவருடைய பேச்சு. சொற்களைக் கண் பிடித்துக்கொண்டால்தான் காது அந்தக் குரலைக் கவனிக்க இயலும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படத்திலும் அவருடைய முகத்தைப் பார்க்கும் அளவுக்குக் கைகளையும் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில், படத்துக்கு ஒரு வரியாக, அந்தப் படத்தில் அவருடைய கைகள் செய்த ஒரு செயலை மட்டும் எழுதி வையுங்கள். பத்தாவது வாரத்தில் அந்தக் குறிப்பேடு உங்களுக்குத் தேவைப்படும்.

முதல் படம்: 'ரியர் விண்டோ'

காலவரிசைப்படி 1935இலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றும். அப்படித் தொடங்கினால், அவரை ஒப்பந்தம் செய்திருந்த எம்ஜிஎம் படநிறுவனம் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் சிறு வேடங்களில் அலைக்கழித்த படங்களிலேயே களைத்துப்போவீர்கள். 1954இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ'வை முதலில் பாருங்கள். வண்ணப்படம், விறுவிறுப்பான கதை, பழைய படங்களுக்குப் பழகாத கண்ணுக்கும் எளிதாக இருக்கும். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: காலில் மாவுக்கட்டுடன் சக்கர நாற்காலியில் முடங்கிய ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரராக அவர் இதில் வருகிறார். நடக்க முடியாது, உயரத்தைக் காட்ட வழியில்லை. நடிப்பு முழுவதும் கண்ணிலும் கையிலும் வந்து குவிகிறது. பாரமவுண்ட் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் முழுதாகக் கட்டியெழுப்பி, கிட்டத்தட்ட முழுப் படத்தையும் அந்த ஒரே அறையின் சன்னலிலிருந்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில் அவர் முகம், பிறகு அவர் காண்பது, மீண்டும் அவர் முகம் என்று மூன்று துண்டுகளால் ஹிட்ச்காக் எண்ணத்தை உருவாக்குகிறார். இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி உண்டு. படத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்து முடித்த பின், நடுவில் ஏதேனும் பத்து நிமிடங்களை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அண்டைவீட்டார் ஒருவர்மீது அவருக்கு எழும் ஐயம் எந்தக் கணத்தில் ஆர்வமாக மாறுகிறது, எந்தக் கணத்தில் அந்த ஆர்வமே சற்று அசிங்கமானதாகிறது என்பது வசனமின்றியே தெரியும். மாவுக்கட்டுக்குள் குச்சியை விட்டுச் சொறிந்துகொள்ளும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியையும் தவறவிடாதீர்கள்.

இப்போது பின்னோக்கிச் செல்லலாம்

1908 மே 20 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் இண்டியானா என்ற சிற்றூரில் பிறந்தவர் ஸ்டீவர்ட். தந்தை ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். தாய் பியானோ வாசிப்பவர். மகன் அக்கார்டியன் வாசித்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1932இல் பட்டம் பெற்றார். ஆனால் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் இருந்த நாட்டில் புதிய கட்டடங்களுக்கு யாரும் வரைபடம் கேட்கவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் இயங்கிய ஒரு கோடைக்கால நாடகக் குழுவில் சேர்ந்த அவர், அங்கிருந்து நியூயார்க்குக்கும் 1935இல் ஹாலிவுட்டுக்கும் போனார். அந்தக் குழுவின் வழியாகத்தான் ஹென்றி ஃபோண்டாவும் மார்கரெட் சல்லவனும் அவருடைய வாழ்வுக்குள் வந்தார்கள். பெயரில்லாத அவரைத் தனக்கு இணையாகப் போட வேண்டும் என்று 1936இலேயே வற்புறுத்தியவர் சல்லவன். இருவரும் சேர்ந்து நான்கு படங்களில் நடித்தார்கள்.

அவற்றுள் மூன்றாவதான 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) உங்கள் இரண்டாவது படமாக இருக்கட்டும். புடாபெஸ்டில் ஒரு தோல்பொருள் கடை. அங்கே ஒருவரையொருவர் சகிக்க முடியாத இரண்டு ஊழியர்கள், முகமறியாமல் எழுதிக்கொள்ளும் கடிதங்களில் காதலிக்கிறார்கள். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய இந்தப் படத்தில் ஸ்டீவர்ட் எதையும் மிகையாகச் செய்வதில்லை. நெடுநாள் உழைத்த கடையிலிருந்து அவர் வேலைநீக்கம் செய்யப்படும் காட்சியில் குரல் உயர்வதே இல்லை. அந்த அடங்கிய குரல்தான் நெஞ்சைப் பிசைகிறது. பின்னாட்களில் அவர் எவ்வளவு உடைந்துபோகிறார் என்பதை அளக்க இந்த அமைதி உங்களுக்கு ஓர் அளவுகோலாகும்.

மூன்றாவது, 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939). எம்ஜிஎம் அவரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு இரவலாகக் கொடுத்த படம் இது. ஃபிராங்க் கேப்ரா இயக்கினார். சிறுவர் இயக்கம் ஒன்றை நடத்திவந்த வெள்ளந்தியான இளைஞர் செனட் உறுப்பினராக்கப்பட்டு, அங்கே நடக்கும் ஊழலுக்கு எதிராக இரவு பகலாக நின்றபடியே பேசுகிறார். தொண்டை கட்டிப்போன குரல் இயல்பாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக, மருத்துவர் ஒருவரைக் கொண்டு பாதரசச் சேர்மம் கலந்த கரைசலைத் தொண்டையில் விடச்செய்து குரல்நாண்களை வீங்கவைத்துக்கொண்டார். எல்லோரும் வியக்கும் அந்த நீண்ட உரைக்காட்சி சிறப்பானதுதான். ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு முன்னால் வரும் சிறிய காட்சி ஒன்று: அழகிய பெண்ணொருத்தியின் முன் பேச நாணும் அவருடைய முகத்தைக் காட்டாமல், அவர் கையிலிருந்து நழுவி நழுவி விழும் தொப்பியையே கேமரா பின்தொடர்கிறது. குறிப்பேட்டில் எழுத வேண்டியது இதைத்தான்.

நான்காவது, 'தி பிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940). கேத்தரின் ஹெப்பர்னும் கேரி கிராண்டும் நடித்த இந்த நகைச்சுவைப் படம்தான் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை ஸ்டீவர்ட்டுக்குப் பெற்றுத் தந்தது. நேர்மையாகச் சொன்னால், முந்தைய ஆண்டின் படத்துக்கே அந்த விருது சேர்ந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு இரவில் கிராண்டின் வீட்டுக்கு அவர் வரும் காட்சியில், திட்டமிடாமல் ஸ்டீவர்ட் ஒரு விக்கலை விட, கிராண்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமாளிப்பதை நன்றாகக் காணலாம். அதே ஆண்டு அதே விருதுக்கு ஃபோண்டாவும் போட்டியிட்டார். தம்முடைய வாக்கை ஃபோண்டாவுக்கே அளித்ததாக ஸ்டீவர்ட் பின்னர் கூறினார். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக இருந்த இந்த இருவரும் கடைசிவரை நண்பர்கள். ஆஸ்கர் சிலை ஊருக்கு அனுப்பப்பட்டு, தந்தையின் ஹார்ட்வேர் கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

ஐந்தாவது படத்துக்கு முன் சற்று நிற்க வேண்டும்

விருது பெற்றது 1941 பிப்ரவரியில். மார்ச் மாதமே அவர் சாதாரணப் படைவீரராகத் தரைப்படையில் சேர்ந்தார். எடை போதவில்லை என்று முதல்முறை திருப்பி அனுப்பப்பட்டவர், எடை கூட்டிக்கொண்டு மறுபடி போனார். ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால் விமானப் பிரிவில் உயர்ந்தார். 1943இன் இறுதியில் இங்கிலாந்தின் டிபென்ஹாம் தளத்துக்கு, பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவின் தலைவராகச் சென்று, பதிவேட்டின்படி 20 போர்ப்பறப்புகளில் பங்கேற்றார். போர் முடியும்போது அவர் கர்னல். 1959இல் விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் பிரிகேடியர் ஜெனரல். விருது பெற்ற நட்சத்திரம் ஒருவர் தம் இளமையின் சிறந்த ஐந்து ஆண்டுகளைத் திரைக்கு வெளியே செலவிட்டார் என்பதும், அதைத் தம் விளம்பரத்துக்கு ஒருபோதும் பயன்படுத்த விரும்பவில்லை என்பதும் அவரைப் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டியவை.

திரும்பி வந்தவர் வேறொரு மனிதராக இருந்தார். போர் அவருக்கு என்ன செய்தது என்று அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் 1946இல் கேப்ராவுடன் அவர் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் போருக்கு முந்தைய அந்த மூன்று படங்களின் பின் பார்ப்பவருக்கு, அந்த மாற்றத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக்கால இன்பப் படம் என்று பெயர் பெற்றுவிட்ட இதை நான் ஐந்தாவதாக வைத்திருப்பது அதனால்தான். உலகம் சுற்ற வேண்டும், பெரிய பெரிய பாலங்களையும் கட்டடங்களையும் எழுப்ப வேண்டும் என்று கனவு கண்டு, பிறந்த ஊரைவிட்டு நகரவே முடியாமல் போன ஒருவரின் கதை இது. நடித்தவரும் கட்டடக்கலை படித்தவர் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே தொலைபேசிக் குழாயில் அவரும் டோனா ரீடும் முகத்தோடு முகம் ஒட்டி நின்று கேட்கும் காட்சியில், காதல் சினமாகவே வெடிக்கிறது. அவளுடைய தோள்களைப் பற்றும் அந்தக் கைகளில் ஆசையும் சிறைப்பட்டவனின் ஆத்திரமும் ஒன்றாக இருக்கின்றன. பின்னர் பிள்ளைகளின் கண்ணெதிரே, தாம் செய்துவைத்த பாலத்தின் மாதிரியை அவர் அடித்து நொறுக்குகிறார். மதுக்கடையில் அவர் இறைவனை வேண்டும்போது வந்த கண்ணீர் திட்டமிட்டதன்று. தொலைவிலிருந்து எடுத்துவிட்ட அந்தக் காட்சியை, முகம் நெருங்கித் தெரிய வேண்டும் என்று கேப்ரா பின்னர் பெரிதாக்கிச் சேர்த்தார்.

வெளிவந்தபோது இந்தப் படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் இதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால், தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணச் சிக்கலின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பத் தொடங்கின. அப்படித்தான் இது அமெரிக்க வீடுகளின் பண்டிகை வழக்கமாயிற்று.

குதிரையும் துப்பாக்கியும்

ஆறாவதும் ஏழாவதும் கௌபாய்ப் படங்கள். இந்த வகையே பிடிக்காதவர்களும் இவற்றைத் தாண்டிச் செல்லக் கூடாது. 1950 முதல் 1955 வரை ஆண்டனி மான் என்ற இயக்குநருடன் ஸ்டீவர்ட் எட்டுப் படங்கள் செய்தார். அவற்றில் ஐந்து இந்த வகை. முதலாவதான 'வின்செஸ்டர் 73' (1950) தொழில்முறையிலும் ஒரு திருப்பம். அவருடைய முகவரான லூ வாசர்மன், ஊதியத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு என்று யுனிவர்சல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். படம் நன்றாக ஓடியதும் மற்ற நட்சத்திரங்களும் இதே வழியைக் கேட்கத் தொடங்கினார்கள். நிறுவனங்களின் மாதச் சம்பளக்காரர்களாக இருந்த நடிகர்கள் தங்கள் படங்களின் பங்காளிகளாகிய வரலாற்றில் இந்த ஒப்பந்தத்துக்குத் தனி இடம் உண்டு. நடிப்பைப் பொறுத்தவரை, மதுக்கடையில் வில்லனின் கையை முறுக்கி அவன் தலையை மேசையில் மோதும் கணத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். கோணிப்போன அந்த முகம், தொப்பியைத் தவறவிட்ட இளைஞருடையதா என்று திகைப்பீர்கள்.

'தி நேக்கட் ஸ்பர்' (1953) இன்னும் கடுமையானது. கொலராடோ மலைகளில், ஏறத்தாழ ஐந்தே பாத்திரங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட இந்தப் படத்தில், இழந்த நிலத்தை மீட்பதற்காகத் தலைக்கு விலை வைக்கப்பட்ட ஒருவனைப் பிடித்துச் செல்பவராக ஸ்டீவர்ட் வருகிறார். பணத்துக்காக மனிதனை விற்கத் துணிந்த ஒருவர் உள்ளூர அழிவதை இவ்வளவு வெளிப்படையாக அந்தக் காலத்து நாயகர் வேறு யாரும் நடித்ததாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படம் நடத்தும் விதம் இன்று பார்க்கையில் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். நேரமிருந்தால் 'தி மேன் ஃப்ரம் லாரமி' (1955) படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அவருடைய உள்ளங்கையில் மிக அருகிலிருந்து சுடுகிறார்கள். இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் அவர் ஏறியது 'பை' என்ற ஒரே குதிரை. விலைக்குக் கேட்டும் உரிமையாளர் கொடுக்க மறுத்த அந்தக் குதிரையுடன் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடித்தார்.

இடையில் மனம் இளைப்பாற வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய முயலுடன் நட்பு கொண்டவராக அவர் வரும் 'ஹார்வி' (1950) இருக்கிறது; ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1956) படமும் இருக்கிறது. பின்னதில் மராக்கேஷ் நகர உணவகம் ஒன்றில், தாழ்வான இருக்கையில் நீண்ட கால்களை எங்கே வைப்பதென்றும், விரல்களால் எப்படி உண்பதென்றும் தெரியாமல் அவர் தவிப்பதை, கையால் உண்டு வளர்ந்த நாம் வேறு யாரையும்விடக் கூடுதலாக ரசிக்கலாம்.

எட்டு, ஒன்பது, பத்து

'வெர்டிகோ'வை (1958) களைப்பாக இருக்கும் நாளில் பார்க்காதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில், உயரத்தைக் கண்டு அஞ்சும் முன்னாள் துப்பறிவாளர் ஒருவர், தாம் இழந்த பெண்ணின் சாயலை இன்னொருத்தியின்மீது ஏற்ற முயலும் கதை இது. கூரைவிளிம்பின் தகரத்தைப் பற்றித் தொங்கும் கைகளுடன் படம் தொடங்குகிறது. உடை, கூந்தல், காலணி என்று ஒரு பெண்ணை ஆட்டிவைக்கும் கைகளாக அவை மாறுகின்றன. நல்லவர் என்று நாம் நம்பிப் பின்தொடர்ந்த மனிதரிடமிருந்து எந்தக் காட்சியில் நீங்கள் விலகத் தொடங்கினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். வெளியானபோது அரைமனத்துடன் வரவேற்கப்பட்டு, பிறகு 1983 வரை நெடுங்காலம் திரையரங்குகளில் காணவே கிடைக்காமல் இருந்த இந்தப் படத்தை, 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழின் கருத்துக்கணிப்பில் விமர்சகர்கள் உலகின் முதல் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்தது 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959). ஓட்டோ பிரெமிங்கர் இயக்க, மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்விடங்களிலேயே எடுக்கப்பட்ட நீதிமன்றப் படம். இசை, ஜாஸ் மேதை டியூக் எலிங்டன். நீதிபதியாக வருபவர், 1950களில் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியை விசாரணையில் நேருக்கு நேர் எதிர்கொண்டு புகழ்பெற்ற உண்மையான வழக்கறிஞர் ஜோசஃப் வெல்ச். தூண்டில் போடுவதிலும் ஜாஸ் பியானோவிலும் மனம் பறிகொடுத்த சிற்றூர் வழக்கறிஞராக ஸ்டீவர்ட் இதில் தம்முடைய பழைய வெள்ளந்தித்தனத்தையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார். ஐந்தாவது முறையாக, கடைசியாக, ஆஸ்கருக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டதும் இதற்காகத்தான்.

அதன் பிறகும் அவர் நெடுநாள் நடித்தார். 1970களில் தொலைக்காட்சித் தொடர்களிலும் வந்தார். 1985இல் கௌரவ ஆஸ்கர் பெற்றார். 1949இல் மணந்த குளோரியா 1994இல் மறைந்தபின் வெளியுலகிலிருந்து விலகி வாழ்ந்து, 1997 ஜூலை 2 அன்று, 89ஆம் வயதில் காலமானார்.

பத்தாவது வாரம் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962). ஜான் ஃபோர்டு இயக்கம். உடன் ஜான் வெய்ன். ஐம்பது கடந்த ஸ்டீவர்ட் சட்டம் படித்த இளைஞராக நடிப்பது முதலில் நெருடும். ஆனால் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் நரைத்த செனட் உறுப்பினராக வருகிறார், பழைய நண்பர் ஒருவரின் இறுதிச் சடங்குக்காக. சட்டப் புத்தகங்களுடன் வந்த இளைஞர் உணவு விடுதியில் இடுப்புத்துணி கட்டிப் பாத்திரம் கழுவுவதையும், பிறகு அந்தக் கை துப்பாக்கியைத் தூக்க நேர்வதையும் கவனியுங்கள். கதையை இங்கே சொல்லமாட்டேன். கடைசிக் காட்சியில், ரயில் பெட்டியில், புகைக்குழாயைப் பற்றவைக்க அவர் தீக்குச்சியைக் கிழிக்கிறார். ரயில் ஊழியர் நல்லெண்ணத்துடன் ஒரு வரி சொல்கிறார். தீக்குச்சி என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு குறிப்பேட்டை எடுத்துப் பத்து வரிகளையும் படித்துவிட்டு, அதே இரவில், 1939ஆம் ஆண்டுப் படத்தின் தொப்பிக் காட்சியை மட்டும் மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.